இந்த வயசுல எதுக்கு?



அழைப்பிதழில் 'ஆங்கிலப் பயண எழுத்தாளர்கள் ஐவர்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: முதல் ஆளைத் தாண்டி இரண்டாவது ஆளுக்குப் போக முடியுமா என்பது சந்தேகம். அவைத்தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் மணியடிக்கலாம்.

ஒருவருக்கு 45 வயது. மனைவி உண்டு, பிள்ளைகள் நால்வர் உண்டு. எழுதிய புத்தகங்கள் விற்கின்றன. ஊரில் மரியாதை, நாட்டில் புகழ். இவ்வளவும் உள்ள ஒருவர், ஆணாக வாழ்ந்தது போதும், இனிப் பெண்ணாகத்தான் வாழ்வேன் என்று மருத்துவமனைப் படியேறினால் நம் தெருவில் முதலில் என்ன கேட்பார்கள்? 'இந்த வயசுல எதுக்கு?' பாதிப் பேர் இப்போது சிரித்தீர்கள். நம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்ட கேள்வி, அதனால்தான் சிரிப்பு வருகிறது.

ஐம்பதில் கட்சி மாறுகிறார்கள். அறுபதில் கொள்கை மாறுகிறார்கள். எழுபதில் கூட்டணி மாறுகிறார்கள். அவர்களிடம் போய் 'இந்த வயசுல எதுக்கு' என்று யாராவது கேட்டதுண்டா? மாலை போட்டு வரவேற்கிறோம்! கைதட்டியது போதும், அவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்த மண்டபம் அடுத்த கூட்டத்துக்குக் கிடைக்காது.

விஷயத்துக்கு வருவோம். எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்டவர்கள் யார்? பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும்: ஹிலாரி, டென்சிங், 1953 மே 29. சரி, தொட்ட செய்தியை உலகத்துக்குச் சொன்னவர் யார்? சபை அமைதியாகிவிட்டது பாருங்கள். அவர்தான் மோரிஸ். பின்னாளில் ஜேன் மோரிஸ். அன்றைக்கு ஜேம்ஸ் மோரிஸ், லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர், வயது 26. மலையேறிப் பழக்கமே கிடையாது. ஆனாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு 22,000 அடி வரைக்கும் போய் உட்கார்ந்திருந்தார்.

மே 30 மதியம் ஏறினவர்கள் இறங்கி வந்து வெற்றியைச் சொல்கிறார்கள். கூடாரத்தில் கொண்டாட்டம். மோரிஸுக்குக் கொண்டாட நேரமில்லை. போட்டிப் பத்திரிகைகள் இந்தச் செய்திக்காக வலை விரித்துக் காத்திருக்கின்றன. அன்று மாலையே, பொழுது சாய்கிற நேரத்தில், கும்பு பனியருவி வழியாக விழுந்தும் எழுந்தும் அடிவார முகாமுக்கு இறங்கினார். அந்தப் பனியருவி சாதாரண இடமல்ல. வீட்டளவு பனிக்கட்டி உருண்டு விழுகிற இடம். முகாமுக்கு வந்து தட்டச்சுப்பொறியில் ஒரு சீட்டு அடித்தார். என்னவென்று? பனி நிலவரம் மோசம், முன்தள முகாமைக் கைவிட்டுவிட்டோம், நிலைமை சீராகக் காத்திருக்கிறோம்.

தோல்விச் செய்தி மாதிரி இருக்கிறதா? அதுதான் சூட்சுமம். பனி மோசம் என்றால் உச்சி தொட்டாயிற்று என்று பொருள். முகாம் கைவிடப்பட்டது என்றால் ஹிலாரி. காத்திருக்கிறோம் என்றால் டென்சிங். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த குறிச்சொற்கள். அந்தச் சீட்டை ஓர் ஓட்டக்காரர் கையில் கொடுக்கிறார். அந்த ஆள் மலைப்பாதையில் ஓடி, நாம்சே பஜாரில் இருந்த இந்திய வயர்லெஸ் நிலையத்தில் சேர்க்கிறார். அங்கிருந்து காத்மாண்டு, காத்மாண்டிலிருந்து லண்டன். ஜூன் 2 காலை, எலிசபெத் அரசிக்கு முடிசூட்டுகிற அதே நாளில், டைம்ஸில் செய்தி!

கைதட்டுங்கள். ஆனால் அந்தக் கைதட்டலில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். ஹிலாரிக்குச் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்குப் பதக்கம் கிடைத்தது. மோரிஸுக்கு உலகப் புகழ் கிடைத்தது. அந்தச் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாரே ஒருவர், அவர் பெயர் என்ன? எத்தனை பேருக்குத் தெரியும்? எவரெஸ்ட் என்றதும் எந்தப் பாடநூல் அவரைச் சொல்கிறது? சுமந்தவர்களுக்குச் சரித்திரத்தில் ஒருபோதும் வரி ஒதுக்குவதில்லை! போகட்டும். அவரிடம் திரும்ப வருவோம்.

சீட்டில் தெரிந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. அதை எழுதிய கைக்கு அந்த வித்தை புதிதல்ல. மூன்றோ நான்கோ வயதில், அம்மா பியானோ வாசிக்க, அந்தப் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோதே தான் ஒரு பெண் என்று பட்டதாக மோரிஸ் எழுதியிருக்கிறார். 1974இல் வெளிவந்த 'கனன்ட்ரம்' என்ற தன்வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கப்புறம் ராணுவம், இத்தாலி, பாலஸ்தீனம், ஆக்ஸ்ஃபோர்டு, எவரெஸ்ட். 1956 சூயஸ் போரில் பிரெஞ்சுக்காரர்கள் இஸ்ரேலோடு கைகோத்திருந்த மர்மத்தை மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையில் போட்டு உடைத்தவரும் இவரே. ஊர் உலகத்து ரகசியங்களையெல்லாம் அச்சேற்றியவர் தன் ரகசியத்தை மட்டும் பூட்டி வைத்திருந்தார்.

1964இல் ஹார்மோன் மாத்திரை எடுக்கத் தொடங்கினார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் விழுங்கியது 12,000 மாத்திரைக்குக் குறையாது என்று அவரே கணக்குச் சொல்கிறார். ராத்திரி படுத்துக் காலையில் எழுந்து எடுத்த முடிவு என்று நினைப்பவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்! அந்த இடைக்காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. லண்டனில் இரண்டு கிளப்புகளில் அவர் உறுப்பினர். ஒன்றில் ஆண், இன்னொன்றில் பெண். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது டாக்சிக்குள்ளேயே ஆள் மாறிவிடுவாராம். சிரியுங்கள், அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நம் ஊரில் இன்றைக்கும் அலுவலகத்தில் ஒரு பெயர், நண்பர்கள் நடுவில் ஒரு பெயர் என்று வாழ்பவர்களுக்கு அந்த டாக்சி வசதிகூடக் கிடையாது.

1972இல் அறுவை சிகிச்சை. இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: முதலில் மனைவியை விவாகரத்துச் செய்துவிட்டு வா. மோரிஸ் அதற்கு அப்போது தயாராக இல்லை. விமானம் ஏறி மொராக்கோவின் காசாபிளாங்காவுக்குப் போய்விட்டார். அங்கே ஜார்ஜ் புரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தச் சிகிச்சையில் கைதேர்ந்தவர். திரும்பி வந்தது ஜேன் மோரிஸ். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைப் பற்றி மூன்று பெரிய நூல்கள் எழுதினார். முதல் நூல் வந்தபோது ஜேம்ஸ், 1978இல் மூன்றாவது வந்தபோது ஜேன். எழுதியவர் மாறினார், எழுத்து மாறவில்லை. வாசகர்கள் வாங்கிப் படித்தார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு ஓட்டக்காரர் உண்டு. எலிசபெத் டக்னிஸ், மோரிஸின் மனைவி. யார் மகள் தெரியுமா? இலங்கையில் தேயிலைத் தோட்டத் துரை ஒருவருடைய மகள்! மலையகத்து உறவுக்காரர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். அந்தத் துரைமார் காலத்தில் கொழுந்து பறித்தது யார் வீட்டுப் பெண்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழக்கு வேறு, அதை வேறொரு மேடையில் பேசுவோம்.

1949இல் கல்யாணம். விஷயத்தை எலிசபெத்திடம் மோரிஸ் மறைக்கவில்லை. ஐந்து பிள்ளைகள் பிறந்து ஒன்று கைக்குழந்தையாகவே போய்விட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சட்டப்படி விவாகரத்து ஆனது, வீடு பிரியவில்லை. வெளியாட்களிடம் நாத்தனார் முறை என்று சொல்லிக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தார்கள். சட்டம் மாறிய பிறகு, 2008இல், வேல்ஸில் புல்ஹெலி என்ற சின்ன ஊரின் அலுவலகத்தில் இருவரும் சிவில் இணையராகப் பதிவு செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட உள்ளூர்த் தம்பதி தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்களாம். 2020 நவம்பரில் 94 வயதில் மோரிஸ் காலமாகும்வரை எலிசபெத் கூட இருந்தார். கல்யாணத்திலிருந்து கணக்கிட்டால் 71 வருஷம். மலையில் ஓடினவருக்காவது சீட்டைச் சேர்க்க ஒரு நாம்சே பஜார் இருந்தது.

'கனன்ட்ரம்' நூலுக்கு விமரிசனம் எழுதினவர்கள் மோரிஸைப் புகழ்ந்தார்கள், திட்டினார்கள், கிண்டல் செய்தார்கள். எலிசபெத் தன் பக்கத்தைச் சொல்லித் தனியாக ஒரு புத்தகம் எழுதவில்லை. எல்லா எலிசபெத்தும் கூட இருக்க வேண்டும் என்று இந்த மேடை சட்டம் போடவில்லை. பிரிந்துபோகிற மனைவிக்கும் நியாயம் உண்டு, அவருடைய கண்ணீரும் கண்ணீர்தான்.

பிரிந்த வீட்டுக்கும் ஓர் உதாரணம் உண்டு. பொருளியல் அறிஞர் டெய்ட்ரே மெக்கிளாஸ்கி 1995இல், 53 வயதில் பெண்ணாக மாறினார். முப்பதாண்டு மணவாழ்வு முடிந்தது. பிள்ளைகள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதை அவரே எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம் மார்ட்டின் ராத்பிளாட் இருக்கிறார். அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலி தொடங்கியவர். 1994இல், நாற்பதை ஒட்டிய வயதில் மாறினார். மனைவி விட்டுப் போகவில்லை. அவர்களுடைய மகளுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிற நோய், மருந்து அரிது. இவர் மருத்துவர் இல்லை, வழக்கறிஞர். உட்கார்ந்து உயிரியல் படித்து 1996இல் ஒரு மருந்துக் கம்பெனி தொடங்கினார். 2002இல் மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி வந்தது. பெற்ற கடமையை உதறிவிட்டுப் புடவை கட்டப் போனவர்கள் என்று பேசுகிறார்களே, அவர்கள் இதையும் பேசட்டும்!

இப்படிப் பேசுகிறவர்கள் யார்? சில மேடைகளில் சில மேதைகள். 'இதெல்லாம் மேற்கத்திய சரக்கு, செல்போனோடு வந்த வியாதி' என்கிறார்கள். ஐயா, மோரிஸ் மாத்திரை விழுங்கத் தொடங்கிய 1964இல் எந்தச் செல்போன் இருந்தது? கூவாகம் எந்த மேற்கு நாட்டில் இருக்கிறது? சித்திரையில் திருநங்கைகள் அங்கே அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்களே, அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததா? இதே மேதைகள் பட்டிமன்றத்தில் கைதட்டல் குறைந்தால் என்ன செய்கிறார்கள்? ஆண் குரலில் ஒரு பெண் நடை நடந்து காட்டிச் சிரிப்பு வாங்குகிறார்கள். அடுத்தவர் வேதனையை வாடகைக்கு எடுத்துச் சம்பாதிக்கிற சிரிப்பு அது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் பாலின முரண் உணர்வை மனநோய் என்ற பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. இவர்கள் மேடையில் மட்டும் இன்னும் எடுக்கவில்லை!

ஆண் உடம்போடு வந்து பெண்கள் கோப்பையையெல்லாம் அள்ளிவிடுவார்கள் என்றொரு பேச்சு உண்டு. ரெனே ரிச்சர்ட்ஸ் கண் மருத்துவர், டென்னிஸ் வீராங்கனை. 1975இல், நாற்பது வயதில் அறுவை சிகிச்சை. அமெரிக்க ஓப்பனில் ஆட குரோமோசோம் பரிசோதனை கேட்டார்கள். நீதிமன்றம் போனார், 1977இல் வென்றார். அள்ளினாரா? ஒற்றையர் முதல் சுற்றிலேயே வர்ஜீனியா வேடிடம் தோற்றார். இரட்டையரில் இறுதிவரை வந்து அங்கேயும் தோற்றார். விளையாட்டில் இது சிக்கலான விஷயம்தான், ரிச்சர்ட்ஸே பின்னாளில் தன் எண்ணத்தை மாற்றிப் பேசியிருக்கிறார். சிக்கல் என்றால் உட்கார்ந்து பேசுவோம், நடந்து காட்டிச் சிரிக்க வேண்டாம்.

மருத்துவத்தையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். நாற்பதுக்கு மேல் ஹார்மோன் எடுத்தால் தோல் மிருதுவாகும், கொழுப்பு சேரும் இடம் மாறும், மார்பு ஓரளவு வளரும். அதற்கே இரண்டு மூன்று வருஷம் ஆகும். இளமையில் உடைந்த குரல் மாத்திரையால் திரும்பாது, பயிற்சிதான் வழி. தாடி உதிராது; லேசர், மின்முறை என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். தோள் எலும்பு சுருங்காது. வயது ஏற ஏற ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். அதனால் பல மருத்துவர்கள் மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டுகிற பட்டையைத் தருகிறார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் ஒருவர் படியேறுகிறார். வேலையும் பெயரும் போகலாம், மனைவி முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். முதலில் தங்கை கல்யாணம், பிறகு பிள்ளை படிப்பு, பிறகு வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டு நிமிர்ந்தால் வயது நாற்பத்தைந்து. தாமதத்துக்குக் காரணமான ஊரே 'ஏன் தாமதம்' என்று கேட்கிறது!

இருபதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியும். அவர்களுடைய போராட்டத்தால்தான் 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு என்றது. அறுவை சிகிச்சை செய்தாயா என்று வற்புறுத்தக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பில் வயது உச்சவரம்பு எதுவும் இல்லை.

அரசு ஊழியர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பேரன் எடுக்கிற வயதில் ஒருவர் பெயர் மாற்ற மனுவோடு உங்கள் மேசைக்கு வந்தால், ஏற இறங்கப் பார்க்காதீர்கள், பக்கத்து மேசையைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். எந்த இணைப்புக் காகிதம் குறைகிறது என்று ஒரே தடவையில் சொல்லுங்கள். பணிப்பதிவேட்டில், ஊதியப் பட்டியலில், ஓய்வூதியக் கோப்பில் என எல்லா இடத்திலும் பெயரைச் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் போய் அவர் கதை சொல்ல வேண்டியிராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லாதீர்கள்.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். மீதி நான்கு பயண எழுத்தாளர்களும் அடுத்த மாதம் வரட்டும், அவர்களுக்கு நடந்து பழக்கம் உண்டு.