‘ஒன்றுமில்லை’ என்னும் விடை

(செவ்வாப்பேட்டையில் தசலட்சணப் பெருவிழாவை ஒட்டி ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

 

அம்பத்தூரிலோ ஆவடியிலோ வேலை முடித்து, செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்தொடர்வண்டியை விட்டிறங்கி ஓர் இளைஞர் வீடு திரும்புகிறார். கைகால் கழுவி ஒரு மூலையில் அமர்கிறார். “ஏனப்பா ஒரு மாதிரியாக இருக்கிறாய்?” என்று தாய் கேட்கிறார். “ஒன்றுமில்லைம்மா.” மறுநாளும் அதே வினா, அதே விடை. சில நாளில் தாய் கேட்பதையே விட்டுவிடுகிறார்.

இவ்விடையைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. கேட்பவர் ஒரு காரணத்தை எதிர்பார்க்கிறார். கடன் தொல்லையா, மேலதிகாரி கடிந்தாரா, காதலா, உடல்நோயா? இவற்றுள் எதுவும் இல்லாதபோது ‘ஒன்றுமில்லை’ என்பதே அவ்விளைஞர் அறிந்த உண்மை. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. எலும்பு முறிவைக் காட்ட எக்ஸ்ரே உண்டு. விடியற்காலையில் விழித்தவுடன் நெஞ்சில் வந்து அமரும் பாரத்தை எடுத்துக் காட்ட ஒரு கருவியும் இல்லை. சொற்களும் குழம்பிக் கிடக்கின்றன. வேலை மிகுதியால் வரும் நெருக்கடியையும் மருத்துவர் மனச்சோர்வு என்று குறிக்கும் நோயையும் மக்கள் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே பெயரால் வழங்குகின்றனர். முன்னது வேலை குறைந்தால் தணியும். பின்னதில் எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, தன்னைத்தானே பழித்தல் ஆகியவை ஏறத்தாழ நாள்தோறும் இரண்டு வாரத்திற்கு மேலும் நீடிக்கும். விடுமுறை எடுத்தாலும் போகா.

சொல் கிடைக்காதபோது உடல் பேசுகிறது. தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் எரிச்சல் என்று மருத்துவரிடம் செல்வோர் பலர். பெங்களூரில் மனநல சிகிச்சைக்கு வந்த நோயாளிகளிடம் ரகுராம், மிட்செல் வைஸ் முதலியோர் நடத்திய ஆய்வு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடல் உபாதை எல்லார்க்கும் வருவது, ஆகவே சொல்லலாம். மனத்தின் தளர்ச்சியைச் சொன்னால் ஊர் இகழும், திருமணம் தடைப்படும் என்று அந்நோயாளிகள் அஞ்சியதை அவ்வாய்வு பதிவு செய்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சில நூறு குடும்பங்களுக்குள்ளேயே நிகழும் சமூகத்தில் இவ்வச்சம் எவ்வளவு பெரிதென்று விளக்க வேண்டியதில்லை.

பேச்சுத்திறமும் புகழும் உடையவர்க்கும் இத்தடை நீங்குவதில்லை. நடிகை தீபிகா படுகோன் 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திரைவாழ்வின் உச்சியில் இருந்த காலத்தில், இந்நோய்க்கு ஆளானார். வயிற்றில் ஏதோ வெறுமை என்ற அளவிலேயே அவரால் அதைச் சொல்ல முடிந்தது. பெங்களூரிலிருந்து மும்பைக்கு வந்திருந்த தாயார் ஊருக்குப் புறப்படும் வேளையில் மகள் உடைந்து அழுதார். வேலையில் சிக்கலா, சொந்த வாழ்வில் ஏதேனுமா என்று தாயார் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்கும் ‘ஆம்’ என்ற விடை வரவில்லை. அந்த ‘இல்லை’களைக் கேட்டே, இதற்கு மருத்துவ உதவி வேண்டும் என்று தாயார் உணர்ந்துகொண்டார். மகள் விளக்கவில்லை, தாய் விளங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டில் தீபிகா இதனை வெளிப்படையாகக் கூறி, மனநலத்திற்கென ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். 2022 அக்டோபரில் இதே திருவள்ளூர் மாவட்டத்திற்கு வந்து, மனநோயுற்றோரையும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரையும் அவர் சந்தித்தது பலர்க்கு நினைவிருக்கும்.

சமண நெறியில் சப்தபங்கியைக் கற்றோர்க்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று. ஒரு பொருள் ஒருவகையால் உண்டு, ஒருவகையால் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லப் புகுந்தால் சொல் நின்றுவிடுகிறது. அந்நிலைக்கு அவக்தவ்யம், சொல்லொணாதது என்று பெயர். பொருள் இல்லாமற்போனதால் அன்று, மொழியின் எல்லையால் வருவது இது. அலுவலகத்தில் சிரிக்கிறார், திருமண வீட்டில் பந்தி பரிமாறுகிறார். அதே வேளையில் உள்ளே வற்றிக்கிடக்கிறார். ‘நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்பார் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முடிவு செய்கின்றனர். மேடையில் அநேகாந்தம் பேசுவோர் வீட்டுக் கூடத்தில் ஏகாந்தவாதிகளாகிவிடுவது விந்தைதான்.

சமண இல்லங்களில் வேறோர் இடரும் உண்டு. உணவைக் குறைத்தால் நோன்பு, பேச்சைக் குறைத்தால் மௌனம், பற்றைக் குறைத்தால் வைராக்கியம் என்று போற்றுவது இங்கு மரபு. ஆகவே பசியற்றுப்போனவர் உண்ணாமலிருந்தால், ‘எத்தகைய விரதம்!’ என்று உறவினர் வியக்கின்றனர். பேச வலுவின்றி அமர்ந்திருப்பவரைப் பக்குவம் பெற்றவர் என்கின்றனர். நோய் அறத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு நடமாடுகிறது. வேறுபாடு காண்பது அரிதன்று. விரதத்தை ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்கிறார். அதற்குத் தொடக்கம் உண்டு, பாரணை என்னும் முடிவும் உண்டு. முடிந்தபின் முகத்தில் தெளிவு இருக்கும். மனச்சோர்வுக்குப் பாரணை நாள் இல்லை. பத்து நாள் விழா முடிந்து வீடே விருந்துண்ணும்போதும் ஒருவர் இலையைத் தொடாமல் எழுந்தால், அன்று கவனிக்க வேண்டும்.

சாவைப் பற்றிய பேச்சு வரும்போது கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். சாவை விரும்புதல் சல்லேகனைக்கே குற்றம் என்று தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. துயரால் ‘போய்விட்டால் நல்லது’ என்பவரின் சொல்லைத் துறவின் மொழியாகக் கேட்பது பெரும்பிழை.

‘எல்லாம் வினைப்பயன்’ என்ற ஆறுதலும் பல வேளைகளில் கதவை அடைத்துவிடுகிறது. சோகம், அரதி என்பவற்றை மோகனீயத்தின் வகைகளாக முன்னோர் எண்ணியது மெய்யே. காய்ச்சலின் வேதனையும் அசாதா வேதனீயத்தின் உதயமே. அதற்காக எவரும் மருந்தை மறுப்பதில்லை. உபகூகனம் என்னும் அங்கமும் இவ்வாறே திரிக்கப்படுகிறது. பிறர் குறையை ஊர்வாயில் போடாதிருத்தல் அதன் பொருள். நோயை மருத்துவரிடமிருந்தே மறைப்பது அதில் அடங்காது. தளர்ந்தவரைத் தாங்கி நிறுத்தும் திதிகரணம் அதற்கு அடுத்தே எண்ணப்படுகிறது. பலர் முன்னதோடு நின்றுவிடுகின்றனர்.

இனிக் கேட்கும் முறை. “ஏன் இப்படி இருக்கிறாய்?” என்ற வினா விளக்கம் கேட்கிறது, அது முடியாததாலேயே அவர் வாய் மூடியிருக்கிறார். “இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது?”, “காலையிலா மாலையிலா அதிகம்?”, “முன்பு பிடித்த பாட்டு இப்போது பிடிக்கிறதா?” என்பன போன்ற சிறு வினாக்களுக்கு விடை சொல்லலாம். “உயிரோடிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்பதாலேயே அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று மனநல மருத்துவர்கள் உறுதி கூறுகின்றனர், கேட்டால் பாரம் இறங்குவோரே மிகுதி.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, செவ்வாப்பேட்டைக்கு அடுத்து புட்லூர், அதற்கடுத்த நிலையத்தில் இறங்கும் தொலைவுதான். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் தமிழில் கிடைக்கிறது. வீட்டாரும் அதில் பேசி வழி கேட்கலாம். அருகில் இருப்பவரே எண்ணை அழுத்தி, அழைப்பு கிடைத்தபின் கைப்பேசியை நோயுற்றவர் கையில் கொடுக்கலாம்; பல நாட்களில் அவர்க்கு அதை எடுக்கவும் வலு இருப்பதில்லை.