கல்லில் எழுதிய வெள்ளக் கணக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இவன் நிலவியல்காரன், கல்லைப் பத்தித்தான் பேசுவான்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். கல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அந்தக் கல்லுக்குள்ளே தண்ணீர் இருக்கிறது. பழைய வெள்ளம் பாறைக்குள் எப்படித் தங்குகிறது என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக் கொண்ட பொருள்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் போகும்போது திருவக்கரை என்று ஓர் ஊர் உண்டு. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 18ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைப் பற்றி எழுதினார். மரத்தின் ஆண்டு வளையம்கூடச் சிலவற்றில் தெரியும்.

அங்கே போகிறவர்கள் "அடேயப்பா, மரம் கல்லாயிடுச்சே!" என்று வியந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். அந்த மரங்களுக்குக் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை, இலை இல்லை. வெறும் அடிமரங்கள்தான், அதுவும் படுத்த நிலையில். நின்ற இடத்திலேயே செத்த மரம் என்றால் வேராவது மண்ணைப் பிடித்துக் கொண்டிருக்க வேண்டுமே? அப்படியானால் இவை எங்கோ வளர்ந்த மரங்கள். பெருவெள்ளம் பிடுங்கி, உருட்டி, கல்லிலும் மணலிலும் உரசி, கிளையையும் பட்டையையும் கழற்றிவிட்டு, இங்கே கொண்டு வந்து போட்டு, மேலே மணலையும் கூழாங்கல்லையும் கொட்டி மூடியது. அந்த மணல்தான் இன்றைக்குக் கடலூர் மணற்பாறை.

மரம் இல்லாத இடத்தில் வெள்ளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு விடுதி சாம்பாரை நினைத்துக் கொள்ளுங்கள். வாளியைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் காய் அடியில், பருப்பு நடுவில், தெளிந்த தண்ணீர் மேலே. (கடைசிப் பந்திக்கு வந்தவர்களுக்கு எது கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) வெள்ளமும் அப்படித்தான். வேகமாக வரும்போது தரையை அரித்துக்கொண்டு வரும். வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல் விழும், அப்புறம் பருமணல், பொடிமணல், கடைசியில் களிமண். பாறையில் ஓர் அடுக்கின் அடி பருமனாகவும் மேலே போகப் போக நைசாகவும் இருந்தால், தண்ணீர் ஒரு தடவை வேகமாக வந்து வடிந்திருக்கிறது என்று பொருள்.

இன்னும் சாட்சிகள் உண்டு. தட்டையான கூழாங்கற்கள் ஓட்டு வீட்டு ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். அவை சரியும் பக்கம்தான் தண்ணீர் வந்த திசை. மணலின் சாய்ந்த வரிகள் இதற்கு நேர்மாறு, தண்ணீர் போன பக்கமாகச் சரியும். கரையிலிருந்து பிய்ந்து வந்த களிமண் கட்டிகள் மணலுக்குள் சிக்கியிருக்கும். மேலே படிந்த களிமண் வெயிலில் வெடித்து, அடுத்த வெள்ளத்தின் மணல் அந்த வெடிப்புக்குள் இறங்கி உறைந்திருக்கும். ஒரு வெடிப்புக்குள் வெள்ளம், வறட்சி, மறுபடியும் வெள்ளம் மூன்றும் இருக்கின்றன பாருங்கள்!

இப்போது மாணவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "ஐயா, வருஷா வருஷம் ஆத்துல தண்ணி வருதே, அதெல்லாம் பாறையாயிடுமா?" ஆகாது. பெரும்பாலானவை அழிந்துவிடும். அடுத்த வெள்ளம் அரித்துவிடும். மண்புழுவும் நண்டும் வேரும் அடுக்கைக் கலைத்துவிடும். தப்பிப் பிழைக்க மூன்று வேண்டும். ஒன்று, படிவு கனமாக விழுந்து சீக்கிரம் மூடப்பட வேண்டும். இரண்டு, அடியிலுள்ள நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அது அரிப்புக்கு எட்டாத ஆழத்துக்குப் போகும். மூன்று, நிலத்தடி நீரில் கரைந்து வரும் சிலிக்காவோ சுண்ணாம்போ இரும்போ மணல்மணிகளுக்கு நடுவே புகுந்து சிமெண்டுபோல இறுக்க வேண்டும். திருவக்கரையில் அந்தச் சிலிக்காதான் மரத்தின் நுண்ணறைகளுக்குள்ளும் புகுந்து அதைக் கல்லாக்கியது.

ஆகவே பாறை ஒரு தினசரி நாட்குறிப்பு அல்ல. ஆயிரம் சாதாரண நாட்களை விட்டுவிட்டு, ஒரு அசாதாரண நாளை எழுதி வைத்திருக்கும். இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி.

ஒரே ஒரு நாளின் வெள்ளம் இவ்வளவு செய்யுமா என்று நிலவியலாளர்களே நம்ப மறுத்ததுண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எரிமலைப் பாறையைக் குடைந்த பிரம்மாண்டமான வாய்க்கால்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு பெருவெள்ளம் வெட்டியது என்று ஹார்லன் பிரெட்ஸ் 1923இல் எழுதினார். பெரியவர்கள் கூடி மறுத்தார்கள். "இவ்வளவு தண்ணீர் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். பனியாறு ஓர் ஆற்றை அடைத்து உண்டாக்கிய மிசௌலா ஏரி உடைந்து வந்த தண்ணீர் அது என்று பின்னால் தெளிவாயிற்று. 1979இல், 90 வயதைத் தாண்டிய பிரெட்ஸுக்குப் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. அதே பகுதியில் பர்லிங்கேம் என்ற பள்ளத்தின் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் 40 அடுக்குகள் இருப்பதைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் ஒரு தனி வெள்ளம் என்று ரிச்சர்ட் வெயிட் 1980இல் எழுதினார். அணை உடைந்தது ஒரு தடவை அல்ல, பல தடவை! அதை எழுதி வைக்க அன்று அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இல்லை. மண்தான் எழுதி வைத்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? சொல்றேன். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது பல பேர் சொன்ன ஒரு வாக்கியம், "எங்களுக்குத் தெரிஞ்சு இங்கே தண்ணி வந்ததே இல்லை." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மனிதனுடைய ஞாபகம் இரண்டு மூன்று தலைமுறை. நீர்மட்ட ஏடுகளும் அதைவிட ரொம்ப தூரம் போகாது. ஆற்றின் ஞாபகம் அப்படியல்ல. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது, கறுப்புக் களிமண்ணுக்கு நடுவே ஒரு முழம் சுத்தமான ஆற்று மணல் தென்பட்டால், ஆறு என்றைக்கோ அங்கே வந்து போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வந்த ஆறு மறுபடி வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

இன்னொரு வருத்தமும் உண்டு. ஆற்றங்கரை மணலை லாரி லாரியாக அள்ளும்போது நாம் இழப்பது மணலை மட்டுமல்ல. இன்னும் பாறையாகாத அந்த ஏட்டின் கடைசிப் பக்கங்களையும் சேர்த்துத்தான் அள்ளுகிறோம். நம் பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படும் பக்கங்கள் அவைதான்.

மாணவ நண்பர்களே, நீங்கள் எந்தத் துறையில் படித்தாலும் சரி. கிணறு வெட்டினால், சாலைக்கு மேட்டை வெட்டினால், ஐந்து நிமிடம் நின்று அந்தச் சுவரைப் பாருங்கள். ஒரு அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். அடுக்குகளின் கனத்தைக் குறித்து வையுங்கள். நம் கல்லூரி நிலவியல் துறையில் கொண்டு வந்து கொடுங்கள். நாளைக்குப் பொறியாளராகவோ அதிகாரியாகவோ ஒரு மனைப்பிரிவு வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது, காகிதத்தை மட்டும் பார்க்காமல் அந்த மண்ணையும் ஒரு தடவை தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.