முதியோர் இல்லத்தில் நல்வாழ்வு

முதுமையைத் தம் வீட்டு விறாந்தையிலேயே கழிக்க வேண்டுமென்பது பெரும்பாலோர் விருப்பம். ஆயினும் பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்ட குடும்பங்களிலும், துணையை இழந்து தனித்தோரிடத்தும் அவ்விருப்பம் எப்பொழுதும் நிறைவேறுவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். ஆகவே முதியோர் இல்லம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது எல்லோரும் சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

முதலாவது, பாதுகாப்பு. முதியோர் பெரிதும் அஞ்ச வேண்டிய விபத்து விழுதலே. இளைஞனுக்குச் சிராய்ப்போடு போகும் விழுகை, முதியவருக்கு இடுப்பெலும்பை முறித்து நிரந்தரமாகப் படுக்கையில் கிடத்திவிடலாம். இரவில் கட்டிலிலிருந்து மலசலகூடத்துக்குச் செல்லும் சில அடித் தூரமே அபாயம் மிகுந்தது. அவ்வழியில் மங்கலான விளக்கொன்று விடியும்வரை எரிதல் வேண்டும். நிலம் ஈரமின்றியும், சுவரிற் கைபிடிச் சட்டம் பொருத்தப்பட்டும் இருத்தல் வேண்டும். கட்டிலில் அமர்ந்தால் இரு பாதங்களும் நிலத்திற் படிய வேண்டும். படுக்கையிலிருந்து சடுதியாக எழுந்தால் இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். ஆதலால் கட்டில் விளிம்பிற் சற்று நேரம் அமர்ந்தபின் எழும்படி தாதியர் பழக்குதல் நன்று.

முதியோரின் தோல் மெலிந்தது. சூட்டை உணரும் ஆற்றலும் குன்றியிருக்கலாம். ஆகவே வெந்நீரைப் பதம் பார்த்தே ஊற்ற வேண்டும். தாக உணர்ச்சி குறைவதால், அவர்கள் கேளாவிடினும் தண்ணீர் கொடுத்தல் வேண்டும். எழ இயலாதவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிடின் படுக்கைப் புண் தோன்றும். அத்தகையோரை மேல்மாடியில் இருத்தலாகாது. தீப்பற்றினால் அவர்களை வெளியே கொணர்தல் அரிது.

இவையெல்லாம் இருந்தும் இல்லம் சிறைபோல ஆகிவிடக்கூடும். 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரொடின் என்னும் இரு உளவியலாளர் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் செய்த ஆய்வு இதனைத் தெளிவாக்கும். ஒரு சாராருக்குத் தம் காரியங்களைத் தாமே தீர்மானிக்கலாம் எனக் கூறி, தாமே பேணுவதற்குச் செடியும் அளித்தனர். மற்றச் சாராருக்கும் செடி கிடைத்தது. ஆனால் அதற்கு நீரூற்றியவர் தாதியர். மூன்று வாரங்களில் முன்னவர்கள் அதிக உற்சாகமும் சுறுசுறுப்பும் உடையோராய்க் காணப்பட்டனர். தேநீர் அருந்தும் வேளை, உடுக்கும் உடை, பூட்டிவைக்கச் சொந்தமாக ஓர் அலுமாரி ஆகியன சிறியனவே. எனினும் ஒருவரை மனிதராக வாழச் செய்பவை அவையே.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் இத்தகைய இல்லங்கள் பதிவுசெய்யப்பட வேண்டுமென விதித்தது. பதிவுப் பத்திரம் சுவரில் தொங்கினாற் போதாது. உறவினர் முன்னறிவித்தலின்றிச் சென்று, குளியலறை நிலத்தையும் தண்ணீர்ச் செம்பையும் பார்த்தல் வேண்டும். பார்க்க வருவோர் உள்ள முதியவரை எவரும் எளிதிற் புறக்கணியார்.