நாங்கூழின் உழவு

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இன்று ஆலைகளே மிகுதி. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஆலைகளைப் பழித்துரைப்பது என் நோக்கமன்று. அவற்றால் வாழ்வு பெற்றோர் பல்லாயிரவர். ஆயினும் ஒரு மதிலுக்கும் மறு மதிலுக்கும் இடையே, ஏரிப் பாசனத்தை நம்பிய வயல்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அந்த வயல்களின் மண்ணைப் பற்றியும், அதனுள் வாழும் ஒரு சிற்றுயிரைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

யூரியா மண்ணைக் கொன்றுவிட்டது என்பார் உளர். அது மிகைக்கூற்று என்றே நான் கருதுகிறேன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை யூரியா தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மூட்டை வந்தவுடன் தொழுவெருவையும் தழையுரத்தையும் நாம் கைவிட்டோமே, குறை அங்கேதான் பிறந்தது. மக்கும் பொருள் இல்லாத மண்ணில் மண்புழுவுக்கு உணவில்லை. புழு நீங்கிய மண் நாளடைவில் இறுகுகிறது. மழைநீர் உள்ளிறங்காமல் மேலோடி வீணாகிறது.

மண்புழுவை நம் முன்னோர் நாங்கூழ் என்றனர். அதன் உழைப்பை அளந்து காட்டியவர் சார்லஸ் டார்வின். 1881-இல், தம் மறைவுக்கு முந்திய ஆண்டில், அவர் வெளியிட்ட நூல் முழுவதும் இப்புழுவைப் பற்றியதே. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று வெளிவருகிறது என்று அவர் கணக்கிட்டார். புழுவுக்குச் செவிப்புலன் உண்டா என்றறியப் பியானோ வாசித்தும் பார்த்தார்! ஓசையை அது பொருட்படுத்தவில்லை; பூந்தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்தபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒளிந்தது. அடுத்த பத்தாண்டில், 1891-இல், சுந்தரம் பிள்ளையவர்களின் மனோன்மணீயம் வெளிவந்தது. அதில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழை விளித்து அதன் ஓயாத உழைப்பை வியந்து பேசுவதை உங்களுள் சிலர் படித்திருப்பீர்கள்.

நம் காலத்தில் சென்னைப் புதுக்கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். மண்புழு என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். மேற்பரப்புக் குப்பையில் வாழ்ந்து அதனை உரமாக்குவது ஒருவகை. நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் அத்தகையது. உரத்தொட்டிகளில் பலரும் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ் யூஜினியேவும் அத்தகையதே. நிலத்தில் செங்குத்தாக வளை தோண்டி, மேலே வந்து உண்டு, மண்ணைக் கீழும் மேலும் கலப்பது மற்றொருவகை. தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மாரிட்டி இவ்வகையினது. மழைநீரும் காற்றும் வேர்வரை செல்ல வழி அமைப்பது இதன் வளைகளே. தொட்டிக்கு வாங்கிய புழுவை வயலில் கொட்டிவிட்டு மண் திருந்தவில்லையே என்று வருந்துவோர் இந்த வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

நாட்டுப் புழுவை விலைக்கு வாங்கவும் வேண்டுவதில்லை. டாக்டர் இஸ்மாயில் கற்பித்த முறை மிக எளியது. புழுவின் எச்சக் குருணைகள் தென்படும் ஈரமான இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அரைக் கிலோ வெல்லத்தையும் அரைக் கிலோ புதுச் சாணத்தையும் இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தெளியுங்கள். அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, பழஞ்சாக்கினால் மூடி, இருபது முப்பது நாள் ஈரம் காயாமல் பாருங்கள். புழுக்கள் தாமே வந்து கூடும். உத்தரப் பிரதேசத்தில் இலக்னோவுக்கு அருகே சிவ்ரிப் பண்ணையின் களர்நிலத்தை மண்புழு உரத்தைக் கொண்டு திருத்த முயன்ற ஆய்வினை, அவரும் அவருடைய மாணவர் அன்சாரியும் 2008-இல் வெளியிட்டனர்.

ஒரு கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ இருபது கிலோ தழைச்சத்து உண்டு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தழைச்சத்துள்ள மண்புழு உரமாயின், அதே அளவைப் பெற ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். ஆகவே மூட்டையை ஒரே பருவத்தில் ஒழித்துவிடுவது அறிவுடைமையாகாது. மண்ணின் நிலைகண்டு படிப்படியாகக் குறைப்பதே முறை. மேலும், நீர் தேங்கிய நெல்வயலில் நிலப்புழு தங்காது, வரப்பில் ஒதுங்கும். அறுவடைக்குப் பின் உளுந்தோ பயறோ விதைத்து, தாளை எரிக்காமல் விட்டால், அது மீண்டும் வயலுக்குள் இறங்க வாய்ப்புண்டு.

ஒரகடத்துப் பக்கத்தில் மற்றொரு தடையும் இருக்கிறது. என்னைக் கவலையுறச் செய்வது அதுவே. நாளை விற்கப்படலாம் என்னும் நிலத்தில் எவர் எரு இடுவார்? குத்தகைக்கு உழுபவர் அடுத்த ஆண்டும் அங்கே உழுவோம் என்ற உறுதியின்றி உழுகிறார். புழுவுக்கோ சில ஆண்டுகள் வேண்டும். மூன்று ஆண்டுக் குத்தகையை எழுத்தில் தர நில உடைமையாளர் இசைந்தால், உழுபவர் தயங்காமல் எருவண்டியை வயலுக்கு ஓட்டுவார்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் உங்கள் ஊர் வயல்வரப்பில் ஒரு சதுர மீட்டரை அளந்துகொண்டு, அதிலுள்ள எச்சக் குவியல்களை எண்ணி ஏட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் எண்ணுங்கள்.