மூச்சை அடக்காதே



தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். கல்லின் துணையால் விரைந்திறங்கி, மூச்சை அடக்கியவாறே சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மீண்டவர்கள் அவர்கள். மூச்சடக்கமே அவர்தம் தொழிலின் முதற் பாடம். ஆனால், ஸ்கூபா என்னும் சுவாசக் கருவியை அணிந்து மூழ்கப் பழகும் சிறுவனுக்கு முதற் பாடம் இதற்கு நேர்மாறானது. "எக்காரணம் பற்றியும் மூச்சை அடக்காதே" என்பதே அது. இம்மாறுபாடு ஏன்?

1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் ழாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும், எமில் கன்யான் என்னும் பொறியியலாரும் ஓர் அரிய கருவியை அமைத்தனர். முதுகில் சுமக்கும் உருளையிலுள்ள காற்றை, மூழ்குபவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒப்ப அது அளிக்கும்.

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், மேற்பரப்பில் உள்ளதைப் போல் இருமடங்கு ஆகும். முத்துக்குளிப்பவர் மேலே இழுத்த மூச்சு அங்கே பாதியளவாகச் சுருங்கும். திரும்பி வருகையில் பழைய அளவை அடையும். அதற்கு மேல் விரியாது. ஸ்கூபா அணிந்தவரோ, அந்த ஆழத்திலேயே நுரையீரல் நிறையக் காற்றை இழுக்கிறார். அதனை அடக்கிக்கொண்டு மேலேறினால், அது இருமடங்காக விரிய முயலும். நுரையீரல் தாங்காது கிழியும். நீச்சற் குளத்திலுங்கூட இத்தீங்கு நேரலாம். ஆகவே, இடைவிடாது மூச்சு விட்டுக்கொண்டே மெல்ல மேலேறுதல் வேண்டும். இவை யாவும் நீங்கள் பள்ளியில் பயிலும் பாயில் விதியின் விளைவுகளே.

சிறுவர் உடல் பெரியோர் உடலின் சிற்றுருவம் அன்று. அது விரைவில் குளிர்ந்துவிடும். செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழலும் அவர்கட்குக் குறுகியது. எனவே, வலி தோன்றுமுன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, செவியின் அழுத்தத்தைச் சமன்செய்யப் பழக்க வேண்டும். பி.ஏ.டி.ஐ. என்னும் பயிற்சி அமைப்பு, 8 வயதுப் பிள்ளைகளை 4 மீட்டர் ஆழத்திற்குக் கீழே விடுவதில்லை. 10 வயதில் சான்று பெற்றவர்க்கும் 12 மீட்டரே எல்லை. அதுவும், சான்று பெற்ற பெற்றோரோ ஆசிரியரோ உடன்வர வேண்டும். மருத்துவர் சோதனையும் முன்னதாகவே நிகழ்தல் நலம்.

பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. "புரிந்ததா?" என்று கேட்டால், புரியாத பிள்ளையும் தலையாட்டும். ஆசிரியரின் மனம் நோகக்கூடாதென்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். வகுப்பறையில் அத்தலையாட்டலால் இழப்பது மதிப்பெண். நீருக்கடியில் இழப்பதோ உயிர். ஆதலால், நல்லாசிரியர் பிள்ளையின் தலையசைப்பை நம்புவதில்லை. செய்து காட்டச் சொல்வார். நிற்கும் ஆழமுள்ள குளத்தில், முகமூடியில் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதையும், வாயினின்று நழுவிய குழலை மீண்டும் பொருத்துவதையும் பலமுறை செய்விப்பார். ஒன்று கைவந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குவார்.

நீருக்கடியில் பேச்சில்லை, சைகையே மொழி. கட்டைவிரலை உயர்த்தினால், கரையில் 'நன்று' என்று பொருள். நீரிலோ 'மேலே செல்வோம்' என்று பொருள். எவர் இச்சைகையைக் காட்டினாலும், காரணம் கேளாமல் உடன் மூழ்கியோர் மேலேறுவதே முறை. பத்து வயதுச் சிறுமி காட்டினும் முறை அதுவே. அவ்வுரிமையை அச்சமின்றிப் பயன்படுத்தத் தெரிந்த குழந்தையே மூழ்கத் தகுதி பெற்றது என்பேன்.

நாளை நீங்கள் தம்பி தங்கையரை நீர்நிலைக்கு அழைத்துச் செல்லக்கூடும். "எனக்குப் போதும்" என்று அவர்கள் கூறினால், கோழை என்று நகையாடாதீர்கள். அச்சத்தை மறைக்கக் கற்ற பிள்ளையைக் காட்டிலும், அதனைச் சொல்லக் கற்ற பிள்ளையே பாதுகாப்பாகக் கரை சேரும்.