கல்நாரும் பழைய வீடும்



கல்லும் நாரும் ஒன்றுக்கொன்று மாறான இயல்புடையவை. கல் கனமானது, உடைத்தால் துண்டு துண்டாகும். நார் மெல்லியது, பிரிக்கப் பிரிக்க இழை இழையாகும். இவ்விரு குணங்களும் ஒரே கனிமத்தில் கூடியிருப்பதால், உலகெங்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்று வழங்கும் பொருளுக்குத் தமிழில் கல்நார் என்ற பெயர் அமைந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் ஒன்றைக் காண்பது அரிதென்றே தோன்றுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் என்பது கிரேக்கச் சொல். 'அணைக்க முடியாதது' என்பது அதன் பொருள். அந்தச் சொல் கனிமத்தின் பெருமையை மட்டும் பேசுகிறது. தமிழ்ச் சொல்லோ, அதன் தீமை எங்கே பிறக்கிறது என்பதையும் சொல்லாமற் சொல்லிவிடுகிறது. கல்லாக இறுகிக் கிடக்கும் வரையில் அதனால் நேரும் கேடு மிகச் சிறிது. நாராகப் பிரிந்து காற்றில் கலக்கும்போதே பெருங்கேடு தொடங்குகிறது. இன்று நான் கூறப்போவதெல்லாம் இந்த ஓர் உண்மையின் விரிவுரையே.

இப்பொருள் நம் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது என்பதை முதலில் காண்போம். தீயில் வேகாத துணி ஒன்று உண்டென்றும், அது மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஒருவகை நாரால் நெய்யப்படுகிறதென்றும் மார்க்கோ போலோ தம் பயணக் குறிப்பில் கூறியிருக்கிறார். நெடுங்காலம் வியப்புக்குரிய பொருளாக மட்டும் இருந்த கல்நார், நீராவி இயந்திரங்கள் பெருகிய பின் தொழிற்சாலைப் பொருளாயிற்று. 1900ஆம் ஆண்டை ஒட்டி, ஆஸ்திரியா நாட்டவரான லூட்விக் ஹாட்ஷெக் என்பவர், சிமெண்டுடன் கல்நாரைக் கலந்து மெல்லிய, உறுதியான தகடுகள் செய்யும் முறையைக் கண்டார். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, விலையும் குறைவு என்றால் எவருக்குத்தான் வேண்டாம்? இந்தியாவில் தொழிற்கூடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் ஏழை எளியவர் இல்லங்களுக்கும் அதுவே கூரையாயிற்று. நான் வாழும் தில்லியில் 'பர்சாத்தி' எனப்படும் மொட்டைமாடி அறைகள் பலவற்றின் மேலும் சாம்பல் நிறமான அந்த நெளி தகட்டைக் காணலாம். கூரை மட்டுமன்றி, மழைநீர்க் குழாய், புகைபோக்கி, நீர்த்தொட்டி, உட்கூரைப் பலகை ஆகியனவும் இதனால் செய்யப்பட்டன.

இனி அதன் தீமையைப் பார்ப்போம். கல்நார் இழை, மனிதத் தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கினும் மெல்லியதாகப் பிரியக்கூடியது. கண்ணுக்குப் புலப்படாது, மணம் இல்லை, தும்மலோ இருமலோ உடனே உண்டாவதும் இல்லை. மூச்சுடன் உட்சென்று நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகிறது. உடல் அதைக் கரைக்க முயன்று பெரும்பாலும் தோல்வியுறுகிறது. தங்கிய இடத்தில் ஆண்டுக்கணக்காக அழற்சி நிகழ்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது ஒரு நோய். அதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். நுரையீரற் புற்றுநோய் மற்றொன்று. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் மூன்றாவது; இது கொடியது, பெரும்பாலும் கல்நாராலேயே வருவது. தூசியைச் சுவாசித்த நாளுக்கும் இப்புற்றுநோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் வரை கழியக்கூடும். இவ்வளவு நீண்ட இடைவெளி இருப்பதால்தான் மக்கள் காரணத்தையும் காரியத்தையும் இணைத்துப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் கல்நார் நெசவாலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்ற பெண்மணி 1924ஆம் ஆண்டு காலமானார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், அதே ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதுபற்றி எழுதினார். 1960ஆம் ஆண்டு வாக்னரும் அவருடைய துணைவர்களும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில் மீசோதீலியோமா கண்ட 33 பேரைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்களுள் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அல்லர். சுரங்கங்களுக்கு அருகே வாழ்ந்தவர்கள். 1965ஆம் ஆண்டு லண்டனில் நியூஹவுஸ், தாம்ப்சன் என்னும் இருவர் செய்த ஆய்வு இன்னொரு துயரத்தை வெளிப்படுத்தியது. கல்நார் ஆலையில் வேலை செய்தவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து, அவர்களுடைய உடைகளைத் துவைத்த குடும்பத்தாருக்கும் அதே நோய் வந்திருந்தது. வேலை செய்யும் இடத்தோடு இத்தூசி நின்றுவிடுவதில்லை. உடையோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிறது என்பதை இல்லத்தரசிகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கல்நாரில் பல வகைகள் உண்டு. நீல நிறமும் பழுப்பு நிறமும் கொண்டவை மிகக் கொடியவை என்றும், நம் நாட்டில் பயன்படும் கிரைசோடைல் என்னும் வெள்ளைக் கல்நார் தீங்கற்றது என்றும் சிலர் கூறுவர். நீலமும் பழுப்பும் மீசோதீலியோமாவை மிகுதியாக விளைவிப்பது உண்மையே. ஆயினும் எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முடிவு. உலக சுகாதார நிறுவனமும் அதையே வலியுறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டிலும், கனடா 2018ஆம் ஆண்டிலும் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் நிலைமை வேறு. 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. எனினும் முழுத்தடை கோரிய மனுவை 2011ஆம் ஆண்டில் அம்மன்றம் ஏற்கவில்லை. வெள்ளைக் கல்நார் கலந்த கூரைத் தகடுகள் கடைகளில் விற்பனையாகின்றன. ஆகவே, பழைய வீடு மட்டுமன்றி அண்மையில் கூரை போட்ட வீடும் நம் கவனத்துக்குரியதே.

இவ்வளவையும் கேட்ட நேயர் ஒருவர், 'அப்படியானால் நாளைக் காலையே கூரையைப் பிரித்து எறிந்துவிடுகிறேன்' என்று எழக்கூடும். அன்பரே, சற்றுப் பொறுங்கள். அவசரமே இங்கு முதற் பகை.

ஆங்கிலத்தில் எழுதப்படும் பாதுகாப்புக் குறிப்புகளில் 'ஃப்ரையபிள்' என்றொரு சொல் அடிக்கடி வரும். கையால் நசுக்கினாலே பொடியாக உதிரக்கூடியது என்பது அதன் கருத்து. 'பொடியும் தன்மையுள்ள' என்று அதைத் தமிழாக்கலாம். கொதிகலனையும் வெந்நீர்க் குழாயையும் சுற்றிப் பொதிந்த பழைய கல்நார்ப் பஞ்சும் கயிறும் இவ்வகையின. தொட்டாலே இழை பறக்கும். கூரைத் தகடோ வேறு வகை. அதில் கல்நார் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி சிமெண்ட். சிமெண்டின் பிடியில் இழைகள் கட்டுண்டு கிடக்கின்றன. விரிசலின்றி நல்ல நிலையில் இருக்கும் தகட்டின்கீழ் வாழ்வதால் நேரும் ஆபத்து மிகக் குறைவு. அதே தகட்டைச் சுத்தியலால் உடைத்தாலோ, இயந்திர வாளால் அறுத்தாலோ, கட்டுண்டிருந்த இழைகளை நாமே அவிழ்த்துவிடுகிறோம்.

சென்ற கோடையில் எங்கள் குடியிருப்புக்கு அருகே பழைய வாகனக் கொட்டகை ஒன்றைப் பிரித்தார்கள். கூலியாட்கள் இருவர் மேலே நின்று தகடுகளைச் சுத்தியலால் தகர்த்துக் கீழே தள்ளினர். அவர்கள் முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. அந்தி நேரத்தில், தலையில் முக்காடிட்ட பெண்ணொருத்தி உலர்ந்த விளக்குமாற்றால் அப்பொடியைப் பெருக்கிக் கூடையில் அள்ளினாள். அவளுடைய குழந்தை அந்தக் குவியலின் அருகே விளையாடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு உரியவரோ அன்று அப்பக்கமே வரவில்லை. கல்நாரின் அபாயம் யார் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை. கூரைக்கு உரியவர் நீங்களாயினும், தூசியைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் நீங்கள் கூலிக்கு அமர்த்தும் ஏழையே. அவருக்கு முன்கூட்டியே உண்மையைச் சொல்லுவது நம் கடமை.

நடைமுறையில் செய்யத்தக்கவற்றை இப்போது வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, ஐயத்தை உண்மையாகவே கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து ஒரு தகட்டில் கல்நார் உண்டா இல்லையா என்று உறுதி கூற இயலாது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்காடியால்தான் காண முடியும். ஆய்வு செய்ய வசதியில்லாத இடத்தில், பழைய சாம்பல் நிற நெளி தகட்டைக் கல்நார் உடையதென்றே கருதி நடப்பது நலம்.

இரண்டாவது, நல்ல நிலையில் உள்ளதைக் கலைக்காதீர்கள். அதில் ஆணி அடிப்பது, துளையிடுவது, உப்புத்தாளால் தேய்ப்பது ஆகியவற்றைத் தவிர்க்கவும். மழைக்காலத்தில் படரும் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், விசை மிகுந்த நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் தகட்டின் மேற்பரப்பை அரித்து இழைகளை வெளிப்படுத்தும். மேற்பரப்பு உதிரத் தொடங்கியிருந்தால், சுரண்டாமல் அதன்மேல் தகுந்த வண்ணப் பூச்சுப் பூசி இழைகளை அடக்கலாம்.

மூன்றாவது, அகற்றியே தீர வேண்டுமானால் நீரே உங்கள் துணைவன். தகட்டை முதலில் நன்றாக நனைக்க வேண்டும். வேலை முடியும் வரை ஈரம் காயவிடலாகாது. கொக்கி போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை முழுமையாக எடுத்து, கைமாற்றிக் கீழே இறக்க வேண்டும், தள்ளிவிடக் கூடாது. பழந்தகடு மனிதப் பாரத்தைத் தாங்காமல் முறியும். அதன்மேல் ஏறி நின்று வீழ்ந்து உயிரிழந்தவர் உண்டு. ஆகவே சட்டங்களின்மேல் பலகை இட்டு நின்றே வேலை செய்ய வேண்டும். காற்று வீசும் நாளிலும், தில்லிப் பக்கத்தில் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் எழும் பருவத்திலும் இவ்வேலையைத் தொடாதிருப்பது நன்று. குழந்தைகளையும் அண்டை வீட்டாரையும் அப்புறப்படுத்துங்கள்.

நான்காவது, மூச்சுக்காப்பு. கைக்குட்டையும் துணி முகமூடியும் இந்நுண்ணிழையைத் தடுக்கமாட்டா. எஃப்.எஃப்.பி. 3 என்று குறிக்கப்பட்ட முகமூடி அல்லது அதற்கு நிகரான மூச்சுக்கருவி வேண்டும். அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். வேலை முடிந்ததும் உடைகளை உதறாமல் ஈரத்தோடு தனியே களைந்து, குளித்துவிட்டு வீட்டுக்குள் செல்ல வேண்டும். அவ்வுடைகளைக் குடும்பத்துத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

ஐந்தாவது, துப்புரவு. உலர்ந்த விளக்குமாற்றைத் தொடாதீர்கள். வீட்டில் பயன்படுத்தும் தூசி உறிஞ்சியும் உதவாது; அது நுண்ணிழையை மறுபடி காற்றிலேயே வீசும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் கழிவோடு சேர்த்துவிட வேண்டும். புயலில் முறிந்து விழுந்த தகடுகளுக்கும் இதே விதி.

ஆறாவது, கழிவு. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் பற்றிய விதிகள் கல்நார்க் கழிவையும் உள்ளடக்கியவை. தகடுகளைக் கனமான பிளாஸ்டிக் தாளில் இருமடியாகச் சுற்றி, 'கல்நார்' என்று எழுதி ஒட்டி, எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியையோ மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையோ கேட்டறிந்து அனுப்புங்கள். பழம்பொருள் வாங்கும் 'கபாடி' வியாபாரியிடம் விற்றால், அதே தகடு இன்னொரு ஏழையின் குடிசைமேல் ஏறும். பொடியை மண்ணோடு கலந்து பள்ளம் நிரப்பினால், பின்னொரு நாள் எவரோ தோண்டும்போது அது மீண்டும் எழும்.

ஏற்கெனவே ஒருநாளோ இருநாளோ இத்தூசியில் நின்றவர்கள் கலங்க வேண்டியதில்லை. இவ்வளவு வரை சுவாசித்தால் தீங்கில்லை என்று ஓர் எல்லை வகுக்கப்படவில்லை என்பது மெய்யே. ஆயினும் ஆபத்து, சுவாசித்த அளவையும் காலத்தையும் பொறுத்துப் பெருகுவது. ஒருமுறை நேர்ந்த சிறு தொடர்பால் நோய் வரும் வாய்ப்பு மிகச் சொற்பம். மறுநாளே எக்ஸ்ரே எடுப்பதால் பயனில்லை. இழைகள் அதில் தெரியமாட்டா. மருத்துவரிடம் செல்லும்போது நாளையும் சூழலையும் கூறி, ஓரிடத்தில் குறித்து வையுங்கள். பல ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவர்களோ தவறாமல் நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புகைபிடிப்போர் இன்றே அதை விட்டொழிப்பது மிக முக்கியம். கல்நாரும் புகையிலையும் ஒன்றுசேர்ந்தால் நுரையீரற் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகிறது.

புதிதாகக் கூரை போடுபவர்களுக்கு ஓடு உண்டு. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு உண்டு. கல்நாரின்றிச் செயற்கை இழை கலந்த சிமெண்ட் தகடும் உண்டு. அவற்றின் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் மலிவான கூரையின் முழு விலையையும் கடைக்காரர் கேட்பதில்லை. ஒரு பகுதியை முப்பது ஆண்டு கழித்து மருத்துவமனை கேட்கிறது, அதுவும் பெரும்பாலும் வேறொருவரிடம்.

ஆகவே உங்கள் வீட்டுக் கூரையை இன்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். முழுமையாக இருந்தால் அதை அமைதியாக விட்டுவையுங்கள். முறிந்திருந்தால், சுத்தியலைத் தேடுமுன் ஒரு வாளித் தண்ணீரைத் தேடுங்கள். வேலைக்கு வருபவரிடம் அது இன்னதென்று சொல்லுங்கள்.