தீபாவளி முற்பணமும் டிஜிட்டல் பெட்டியும்

(தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சந்தா, வீடு, காணி என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று நாம் டிவியைப் பற்றியும் அன்டனாவைப் பற்றியும் பேசப் போகிறோம். யாரும் சிரிக்க வேண்டாம். இது தீபாவளி முற்பணம் கைக்கு வரும் கிழமை. டவுனில் கடைக்குக் கடை "டிஜிட்டல்" என்று பலகை தொங்குகிறது. முற்பணம் நமக்கு யாரும் தருகிற சும்மா காசு அல்ல. இனி வரப்போகும் மாதங்களின் உழைப்பை முன்கூட்டியே வாங்கிச் செலவழிக்கிறோம். அதனால் அது எங்கே போகிறது என்று சங்கம் கவலைப்படத்தான் வேண்டும்.

போன வருடம் பக்கத்து டிவிசனில் ஒரு குடும்பம் முற்பணத்தில் ஒரு டிஜிட்டல் பெட்டியும், பளபளப்பான ஓர் அன்டனாவும் வாங்கியது. "மாதக் காசு இல்லை, டிஷ் வேண்டாம், எல்லாச் சனலும் கண்ணாடி மாதிரித் தெரியும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கூரையில் கட்டி இரண்டு நாள் தேடியும் ஒரு சனலும் வரவில்லை. நாங்களும் போய்ப் பார்த்தோம். பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. அது வேறு நாட்டு ஒளிபரப்பு முறைக்காகச் செய்யப்பட்ட பெட்டி. திருப்பிக் கொடுக்கப் போனால், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சம்பளச் சீட்டில் முற்பணம் மட்டும் மாதாமாதம் வெட்டுப்பட்டது.

இனி அப்படி ஒரு குடும்பம்கூட ஏமாறக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில், இன்று காற்றில் என்ன வருகிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் 1979இல் ஐ.டி.என். தொடங்கியது, 1982இல் ரூபவாஹினி வந்தது. பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில், ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. ரூபவாஹினி, நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற சனல்களை அன்டனா வைத்து இலவசமாகப் பார்க்கலாம். டிஷ்ஷில் ரீசார்ஜ் முடிந்தால் திரை கறுத்துவிடும். அன்டனாவுக்கு ரீசார்ஜ் கிடையாது.

ஆனால் இன்றுவரை அன்டனாவுக்கு வருவது பழைய அனலாக் ஒளிபரப்புத்தான். அரசாங்கம் 2014இல் ஐ.எஸ்.டி.பி.-டி என்ற ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஜப்பானின் கடனுதவியோடு செய்வதாகச் சொன்ன வேலை வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டு கிடக்கிறது. ஆகவே இன்று நாம் டிஜிட்டல் பெட்டி வாங்கி வைப்பது, மாடு வாங்கும் முன்னே பால் செம்பு வாங்குகிற கதை. அந்தச் செம்பும் அளவு மாறிப் போகலாம்.

அளவு எப்படி மாறும்? டிஜிட்டல் என்பது உலகம் முழுவதும் ஒரே முறை அல்ல. இந்தியாவில் தூரதர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கு டி.வி.பி. என்ற முறை. மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் அதே டி.வி.பி. குடும்பம். நம் அக்கா தங்கைமார் வெளிநாட்டில் உழைத்துவிட்டு வரும்போது கொண்டுவரும் டிவியில் "டிஜிட்டல் டியூனர்" என்று எழுதியிருக்கும். எழுதியது பொய் இல்லை. ஆனால் அது டி.வி.பி. டியூனராக இருந்தால், இங்கே ஐ.எஸ்.டி.பி.-டி வரும்போது அதற்கு ஒன்றும் விளங்காது. ஜப்பானுக்காகவும் பிரேசிலுக்காகவும் செய்த ஐ.எஸ்.டி.பி.-டி பெட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஒரு சனலின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். நம் நாட்டு யூ.எச்.எப். சனலின் அகலம் 8. அந்த அகலத்தை எடுக்காத பெட்டி இங்கே உதவாது.

சரி, இந்தத் தீபாவளிக்கு எதில் காசு போடலாம்? போடத்தான் வேண்டும் என்றால் அன்டனாவில் போடுங்கள். "டிஜிட்டல் அன்டனா", "எச்.டி. அன்டனா" என்று தனியாக ஒன்று இல்லை. அலையைப் பிடிப்பதுதான் அன்டனாவின் வேலை. வருவது அனலாக்கா டிஜிட்டலா என்று அதற்குத் தெரியாது. இன்று ஒழுங்காகக் கட்டும் அன்டனா நாளை டிஜிட்டலுக்கும் உதவும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து ஓர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கள். வி.எச்.எப். சனல்களைப் பிடிக்கும் கம்பிகள் இரண்டு, இரண்டரை அடி நீளம் இருக்கும். யூ.எச்.எப். கம்பிகள் ஏறக்குறைய அடிமட்டத்தின் நீளம், அல்லது அதைவிடக் குறைவு. டிஜிட்டலுக்கு முக்கியமானது யூ.எச்.எப். இன்றைய சனல்கள் இரண்டிலும் வருவதால், நீளக் கம்பியும் குட்டைக் கம்பியும் சேர்ந்த அன்டனா நல்லது. உங்கள் லயத்தில் நன்றாகப் படம் தெரியும் வீட்டுக் கூரையைப் பாருங்கள். அங்கே அன்டனா எந்தப் பக்கம் பார்க்கிறது, கம்பிகள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா என்று கவனித்து, அதே மாதிரிக் கட்டுங்கள்.

அன்டனாவைக் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். நம் லயத்துக் கூரை தகரம். தகரம் அலையை மறைத்துவிடும். உள்ளே வைக்கும் சின்ன அன்டனாவுக்குக் கொடுக்கும் காசு வீண்.

கோபுரம் இருக்கும் மலை கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் படம் வரும். நடுவில் ஒரு மேடு மறைத்தால், மலை கிட்ட இருந்தும் பயன் இல்லை. பள்ளத்தில் இருக்கும் லயத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் விலை கூடிய அன்டனாவைத் தேடுவதைவிட, இருக்கிற அன்டனாவை மேட்டில் ஏற்றிக் கட்டி வயரைக் கீழே இழுப்பது மேல். வயர் ஆர்.ஜி.-6 என்ற தடித்த வட்ட வயராக இருக்கட்டும். மெல்லிய வயரில் வழியிலேயே சிக்னல் குறைந்துபோகும். நீள வயருக்கு பூஸ்டர் தேவைப்பட்டால், அதை அன்டனாவுக்குப் பக்கத்திலேயே, கம்பத்தில் பூட்ட வேண்டும். டிவிக்குப் பின்னால் பூட்டினால், வழியில் கெட்டுப்போன சிக்னலைத்தான் அது பெரிதாக்கும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று சில வீடுகளில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. சில வீடுகளில் ஓர் ஆள் இரண்டு ஆளாகத் தெரிகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆள் இரண்டாகத் தெரிவது, மலையில் பட்டுத் திரும்பும் அலையால் வருவது. டிஜிட்டல் அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். புள்ளி விழுவது சிக்னல் போதாமல். அதில்தான் கவனம் வேண்டும். கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிற மாதிரி, அனலாக் அரைகுறையாகவாவது காட்டும். டிஜிட்டலில் அரைப் பேர் கிடையாது. சிக்னல் போதுமென்றால் முழுப் படம். கொஞ்சம் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒன்றுமே இல்லை. இன்று புள்ளியோடு செய்தி பார்க்கும் வீட்டில், அன்டனாவைச் சரி செய்யாவிட்டால், அனலாக்கை நிறுத்தும் அன்றைக்குத் திரை இருண்டுபோகலாம்.

டிஜிட்டல் உண்மையாகவே வந்த பிறகு பெட்டி வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, ஐ.எஸ்.டி.பி.-டி என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதா, 8 மெகாஹேர்ட்ஸ் எடுக்குமா? இரண்டு, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் குத்தும் துவாரம் இருக்கிறதா? இருந்தால் பழைய பெரிய டிவியையே வைத்துக்கொள்ளலாம், புது டிவி வேண்டாம். மூன்று, அவசர எச்சரிக்கை வசதி இருக்கிறதா? நான்கு, எங்கள் கூரையில் வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா, அதை பில்லில் எழுதித் தருவீர்களா? எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வியை ஏன் கேட்கச் சொல்கிறோம்? ஐ.எஸ்.டி.பி.-டி முறையில், ஆபத்து நேரத்தில் நிலையத்திலிருந்து அனுப்பும் எச்சரிக்கையைப் பிடித்து, அந்த வசதியுள்ள பெட்டி தூக்க நிலையில் இருந்தாலும் தானாக விழித்துக்கொள்ள முடியும். பூமி நடுங்கும் நாட்டுக்காரர்கள் ஏற்படுத்திய வசதி அது. மண் சரியும் நாட்டில் வாழும் நமக்கும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29. தீபாவளி முடிந்து ஒரு கிழமை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. போய்க் குடியிருக்க மாற்று இடம்தான் கொடுக்கப்படவில்லை. அதனால் எச்சரிக்கை மட்டும் நம்மைக் காப்பாற்றும் என்று நாம் சொல்ல மாட்டோம். பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது. ஆனால் இரவில் மழை கொட்டும்போது, எழுந்து ஓட வேண்டும் என்ற செய்தி நம் வீட்டுக்குள்ளே, நம் மொழியில் வர வேண்டும். அதையும் கேட்போம்.

பிள்ளைகளின் படிப்பையும் யோசியுங்கள். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது டிவியில் பாடம் நடந்தது. ஒரு போனை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் சிக்னல் தேடி மேடு ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்டனா நன்றாக இருந்த காம்பராவில் பிள்ளைகள் ஸ்தோப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பாடசாலை திறந்த பிறகு அந்த வித்தியாசத்தை வகுப்பில் எங்கள் கண்ணாலே கண்டோம்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. ஒரு லயத்தில் பத்துக் காம்பரா இருந்தால் பத்து அன்டனா எதற்கு? பக்கத்துப் பக்கத்து நான்கு வீடு சேர்ந்து ஒரு நல்ல அன்டனா, ஒரு உயரமான ஜி.ஐ. பைப், ஒரு பூஸ்டர், நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வாங்கலாம். ஆனால் பூஸ்டர் இல்லாமல் பிரிக்காதீர்கள். இரண்டாகப் பிரித்தாலே ஒவ்வொரு வீட்டுக்கும் போவது பாதிக்கும் குறைவு. காசைப் பங்கு போட்டு எழுதி, தலைவரிடம் ஒரு கொப்பி கொடுத்து வையுங்கள். பிறகு மனஸ்தாபம் வராது.

உயிருக்கு ஆபத்தில்லாமல் கட்டுவதைச் சொல்லாமல் விட முடியாது. பைப் சரிந்து விழுந்தாலும் கரண்ட் கம்பியில் படாத தூரத்தில்தான் கட்ட வேண்டும். தூக்கி நிறுத்தும்போது ஒரு பெரியவர் கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். மழையில், ஈரத் தகரத்தில் யாரும் ஏறாதீர்கள். பைப்பை எர்த் பண்ணுவதை வயரிங் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். தீபாவளிக் காலம்தான் நமக்கு இடி மின்னல் காலமும். இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி விழத் தொடங்கிய பிறகு வயரைத் தொட வேண்டாம்.

கடைசியாகச் சங்கத்தின் கோரிக்கை. அனலாக்கை நிறுத்தும் நாள் வந்தால் எல்லா வீட்டுக்கும் பெட்டி தேவைப்படும். அமெரிக்காவில் 2009இல் நிறுத்தியபோது, வீட்டுக்கு 40 டொலர் கூப்பன் இரண்டு வரை கொடுத்தார்கள். நாம் தேர்ந்தெடுத்த அதே முறைக் குடும்பத்தைச் சேர்ந்த பிரேசிலில், அரச உதவி பெறும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெட்டியும் அன்டனாவும் இலவசமாகவே கொடுத்தார்கள். ஆகவே இங்கே கேட்பது பேராசை அல்ல. அஸ்வெசும பெறும் குடும்பங்களுக்கும் தோட்டக் குடும்பங்களுக்கும் பெட்டி இலவசமாக வேண்டும். பள்ளத்து லயங்களுக்கு எட்டுகிற மாதிரிச் சிறு ஒளிபரப்புக் கோபுரங்கள் வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும். இவை நடக்கும் வரை அனலாக்கை நிறுத்தக் கூடாது.

இந்தக் கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமை லயம் லயமாக வருவார்கள். எந்தக் காம்பராவில் எந்தச் சனல் தெளிவு, எதில் புள்ளி, எதில் ஒன்றும் இல்லை என்று கேட்டு எழுதுவார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டாக அன்டனா வாங்க விரும்புகிறவர்கள் அவர்களிடமே பெயர் கொடுக்கலாம். அதுவரை முற்பணம் பிள்ளைகளின் புதுத்துணியாகவும் வீட்டுப் பலகாரமாகவும் இருக்கட்டும். "டிஜிட்டல்" என்று யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தால், காசு கொடுக்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். சேர்ந்து பார்ப்போம்.

எல்லோருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.